பழைய லேப்டாப்பை இப்போதே கொடுத்துவிடாதே

அன்புள்ள மாப்ள,

முதல் கடிதத்துக்கே மூன்று வாரமாகப் பதில் போடவில்லை, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். கவிஞன் உன்னை விசாரித்தான், அந்தக் குடை விவகாரத்தை இன்னும் விடவில்லை.

பழைய லேப்டாப்பில் இருக்கும் உன் விஎம்மை (கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டரை) கம்பெனியின் புது லேப்டாப்புக்கு நகர்த்துவது பற்றி நேற்று நீ அனுப்பிய இரண்டு வரியைப் பார்த்துப் பதறித்தான் இதை எழுதுகிறேன். "விஎம்மின் டிஸ்க் ஃபைலை எக்ஸ்டர்னல் டிரைவில் காப்பி செய்துவிட்டேன், வெள்ளிக்கிழமை பழைய லேப்டாப்பை ஐடியிடம் ஒப்படைக்கிறேன்" என்கிறாய். ஒப்படைக்காதே. ஒரு வாரம் அவகாசம் கேள். அவர்கள் கைக்குப் போனதும் டிஸ்க்கை அழித்துவிடுவார்கள். புது மெஷினில் அந்த விஎம் பூட் ஆகி, நீ உள்ளே நுழைந்து உன் ஃபைல்களைத் திறந்து பார்க்கும்வரை, காப்பி எடுத்ததை நம்பாதே.

ஏன் இத்தனை பயம் என்றால், நீ ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அப்போதைய நிலையைப் பதிந்து வைப்பது) பிரியன். எதைத் தொட்டாலும் முதலில் ஒரு ஸ்னாப்ஷாட்! விஎம்மை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் முதல் ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியே மூல விடிஐ ஃபைல், அதாவது விஎம்மின் டிஸ்க், உறைந்துவிடும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் 'ஸ்னாப்ஷாட்ஸ்' ஃபோல்டரில் இருக்கும் தனி ஃபைல்களுக்குப் போகும். நீ அந்தப் பெரிய விடிஐயை மட்டும் எடுத்திருந்தால், புது மெஷினில் எழுந்து வருவது முதல் ஸ்னாப்ஷாட் நாளின் விஎம்தான். பிறகு செய்த வேலை எதுவும் அதில் இருக்காது. ஆகவே விஎம்மின் ஃபோல்டரை முழுதாக எடு: விபாக்ஸ் ஃபைல் (விஎம்மின் அமைப்புகள்), விடிஐ, ஸ்னாப்ஷாட்ஸ், என்விராம் (பூட் அமைப்புகள்) எல்லாம் சேர்த்து. ஸ்னாப்ஷாட்டுகளை அழித்து ஒன்றாக்கிவிட்டும் எடுக்கலாம். அப்படி ஒன்றாக்கும்போது டிஸ்க்கில் காலி இடம் தாராளமாக வேண்டும், பாதியில் இடம் தீர்ந்தால் சிக்கல்.

எடுக்கும் முன் விஎம்மை முழுதாக ஷட்டவுன் செய். 'சேவ் ஸ்டேட்' வேண்டாம். ராமும் ப்ராசஸரின் நிலையும் அப்படியே அதில் பதிவாகியிருக்கும், வேறு தலைமுறை ப்ராசஸரில் அது எழாமல் போகலாம். உள்ளே விண்டோஸ் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடு, இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பாதித் தூக்கத்தில் விட்டுவைக்கும்.

அடுத்து பிட்லாக்கர், டிரைவை என்கிரிப்ட் செய்யும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி. விஎம்முக்குள் இருப்பது விண்டோஸ் 11 என்றால், நீ கேட்காமலேயே அது டிரைவை என்கிரிப்ட் செய்திருக்கலாம். சாவி விஎம்மின் மெய்நிகர் டிபிஎம்மோடு (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்போடு) கட்டப்பட்டிருக்கும். இடம் மாறும்போது டிபிஎம் மாறினாலோ தொலைந்தாலோ 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் உன் தரவு போனதுதான், யாராலும் மீட்க முடியாது. இன்றே விஎம்மைத் திறந்து கீயைக் காகிதத்தில் எழுதிவை, அல்லது நகர்த்தும் முன் என்கிரிப்ஷனை அணைத்துவிடு. இதை மட்டும் தள்ளிப்போடாதே.

எக்ஸ்டர்னல் டிரைவின் ஃபார்மேட் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது; எக்ஸ்ஃபேட் நல்லது. காப்பி முடிந்ததும் பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளை ஜன்னலில்) கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை கொடுத்து, ஃபைலின் அடையாள எண் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார். யூஎஸ்பி டிரைவுகளைக் கம்பெனி மெஷின்கள் பெரும்பாலும் தடுத்துவைக்கும், அதையும் ஐடியிடம் முன்கூட்டியே கேள்.

புது லேப்டாப்பில் முதலில் ப்ராசஸரைப் பார். ஆர்ம் வகையாக இருந்தால், இன்டெல்லில் போட்ட உன் விஎம் அதில் ஓடும் என்று எதிர்பார்க்காதே, நகர்த்தும் பேச்சையே நிறுத்திவிடலாம். இன்டெல், ஏஎம்டி என்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளில்) விர்ச்சுவலைசேஷன், அதாவது விஎம்களை ஓட்ட உதவும் ப்ராசஸர் வசதி, ஆன் ஆகியிருக்க வேண்டும். அது பாஸ்வேர்டு பூட்டுக்குள் இருக்கலாம், அப்படியென்றால் ஐடிதான் திறக்க வேண்டும்.

விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழே பச்சை ஆமை தெரிந்தால் அதற்கும் காரணம் உண்டு. பாதுகாப்புக்காக விண்டோஸ் தன் சொந்த விஎம் மென்பொருளான ஹைப்பர்-வியை ஆன் செய்திருக்கும், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி ஓடும், அதனால்தான் மந்தம். அந்தப் பாதுகாப்பை அணைக்கச் சொல்லி ஐடியிடம் மல்லுக்கட்டாதே. அது கம்பெனியின் கொள்கை, நியாயமானதும்கூட. மந்தம் தாங்கவில்லையென்றால் ஹைப்பர்-விக்கே மாறிவிடு. டிஸ்க் ஃபைலை முதலில் விஎச்டி என்ற வடிவத்துக்கு மாற்று. பயாஸில் பூட் ஆகும் விஎம் என்றால் ஹைப்பர்-வியில் ஜெனரேஷன் 1 வகை போதும். இஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த பூட் முறை) என்றால் ஜெனரேஷன் 2. அது விஎச்டியின் புது வடிவமான விஎச்டிஎக்ஸை மட்டுமே ஏற்கும், ஆகவே இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம்தான், ஆனால் அதன் எக்ஸ்டென்ஷன் பேக் (கூடுதல் வசதித் தொகுப்பு) சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் மட்டுமே இலவசம். கம்பெனி வேலைக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். கேட்காமல் போட்டுவிடாதே.

விஎம்மை டாக்குமெண்ட்ஸில் வைக்காதே. ஒன்டிரைவ் அந்த ஃபோல்டரைப் பிடித்திருந்தால் பல ஜிபி ஃபைலை ஒவ்வொரு முறையும் மேலே ஏற்ற முயலும். விஎம்மின் நெட்வொர்க்கை 'நாட்' (NAT) முறையில் வை, அப்போது அது லேப்டாப்பின் இணைப்பையே பயன்படுத்தும். பிரிட்ஜ் செய்தால் விஎம் தனி மெஷின் போல நெட்வொர்க்கில் சேரும், கம்பெனி சுவிட்ச் அதன் புது மேக் அட்ரஸை (நெட்வொர்க் அடையாள எண்ணை) தள்ளிவிடலாம். உள்ளே சர்டிஃபிகேட் பிழையாக வந்தால், கம்பெனி ப்ராக்ஸியின் (இணையப் போக்குவரத்தை இடையில் நின்று கடத்தும் சர்வரின்) ரூட் சர்டிஃபிகேட்டை விஎம்முக்குள்ளும் போட வேண்டும்.

இன்னொன்று, மாப்ள. அந்த விஎம்மில் வீட்டுக் கணக்கும் குழந்தைகளின் படங்களும் இருப்பதாகச் சொன்னாய். கம்பெனி நிர்வாகத்தில் இருக்கும் மெஷினை ஐடி தூரத்திலிருந்தே அழிக்க முடியும். வேலைக்கான விஎம் அங்கே போகட்டும், சொந்த விஷயங்களைப் பிரித்து உன் வீட்டு டிரைவில் வை.

வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட்டாயா இல்லையா, அதை மட்டும் இன்றைக்கே ஒரு வரி எழுது.

என்றும் உன்
பழைய ரூம்மேட்