செயலாளர் ஆண்டறிக்கை: விழுந்தவர் பயிற்றுவிப்பாளரான கதை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஆசிரியைமாரே, பெற்றோரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மாரி வெள்ளத்தால் தடைப்பட்ட ஒரு மாதம் தவிர, எங்கள் நடன மன்றத்தின் நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. வாணி விழாவும் பொங்கல் விழாவும் வழமைபோல் நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டில் என் மனதை விட்டு அகலாதது ஒரு மாலைக் கலந்துரையாடல். கனடாவின் ஐஸ் நடனப் பயிற்றுவிப்பாளர் மரி பிரான்ஸ் டுப்ரேயைப் பற்றிப் பேசுவோம் என்றதும், மீன் பெட்டிக்குள் மட்டும் ஐஸைக் காணும் கல்லடியில் இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். காணொளியைப் போட்டோம். எங்கள் நடன ஆசிரியை, "முழங்காலைப் பாருங்கோ பிள்ளைகள், அரைமண்டி மாதிரி இருக்கு" என்றார். பரதத்தில் முழங்காலை மடித்துப் பாதி அமர்ந்து ஆடும் நிலைதான் அரைமண்டி. பிறகு ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

சறுக்குக் காலணியோடு ஐஸ் தரையில் இருவர் சோடியாக ஆடும் ஐஸ் நடனம் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1976இல், இன்ஸ்புரூக்கில். சோடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கக் கூடாது, பெரிய பாய்ச்சல்களும் இல்லை. பாதத்தின் சுத்தம், தாளம், இருவரின் ஒற்றுமை ஆகியவற்றுக்கே புள்ளி. ஒற்றைக் காலில் சுழன்றபடியே இருவரும் அருகருகே நகரும் 'ட்விசில்' என்ற அசைவில் ஒருவர் சற்றுப் பிந்தினாலும் கண்ணில் பட்டுவிடும்.

2006 டூரின் ஒலிம்பிக்கில் டுப்ரே, தன் சோடி பத்ரிஸ் லோசோனின் பிடியிலிருந்து நழுவி ஐஸில் விழுந்தார். லோசோன் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். இறுதி நடனத்துக்கு அவர்களால் இறங்க முடியவில்லை. அடுத்த மாதமே கல்கரி உலகப் போட்டியில் வெள்ளி வென்றார்கள். 2007இல் டோக்கியோவிலும் வெள்ளி. உலகத் தங்கம் அவர்களுக்குக் கிடைக்கவேயில்லை.

அதன் பின்னர் வந்ததுதான் பெரிய காரியம். தம்பதியரான இருவரும் மொன்றியலில் பயிற்றுவிக்கத் தொடங்கினார்கள். 2014இல் ரொமெய்ன் ஹகெனவர் என்ற பயிற்றுவிப்பாளர், தன்னிடம் பழகிய பிரான்சின் பபடாக்கிஸ் - சிசெரோன் சோடியோடு லியோனிலிருந்து வந்து இவர்களோடு சேர்ந்தார். மறு ஆண்டே அந்தச் சோடி உலகத் தங்கம் வென்றது.

2018 பியோங்சாங்கில் முதல் நாள் ஆடும்போது பபடாக்கிஸின் உடையின் கழுத்துக் கொளுக்கி கழன்றது. அவர் நிறுத்தவில்லை, கடைசி அடி வரை ஆடினார். மறுநாள் இறுதி நடனத்தில் எல்லோரையும் விட அதிகப் புள்ளி அவர்களுக்குத்தான். ஆனால் மொத்தத்தில் 0.79 புள்ளியால் தங்கம் கனடாவின் டெசா வேர்ச்சு - ஸ்கொட் மொயர் சோடிக்குப் போனது. அந்தச் சோடிக்கும் பயிற்றுவிப்பாளர்கள் இதே ஆட்கள்தான்! ஒரே நேரத்தில் ஒரு பிள்ளையை அணைத்து மகிழவும் மற்றப் பிள்ளையைத் தேற்றவும் அவர்களுக்கு நேர்ந்தது. 2022 பீஜிங்கில் பபடாக்கிஸ் சோடி தங்கம் வென்றது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எங்கள் மூத்த மாணவி ஒருவரும் இருந்தார். சென்ற ஆண்டு வாடகை மண்டபமொன்றில் கூரை ஒழுகி நனைந்திருந்த தரையில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டவர். ஒழுக்கைச் சரிசெய்து தருவதாகப் பலமுறை சொன்னார்கள், செய்யவில்லை. அந்த மண்டபத்தை நாங்களும் தொடர்ந்து எடுத்தது எங்கள் பிழை. மாதக்கணக்கில் வகுப்புப் பக்கமே வராதிருந்த அந்தப் பிள்ளை, அன்று கூட்டம் கலைந்த பின் என்னிடம் வந்து, "ரீச்சர், சின்னாக்களுக்கு அடவு சொல்லிக் குடுக்கட்டா?" என்று கேட்டார். இப்போது ஞாயிறு காலை வகுப்பு அவருடையது. தாளம் தட்டும் தட்டுக்கழியோடு இருந்தபடியே சொல்லிக்கொடுக்கிறார். சின்னப் பிள்ளைகளின் அரைமண்டி இந்த ஆண்டு திருந்தியிருப்பதைப் பெற்றோரே சொல்வார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் பிள்ளைகளைப் பழக்கிய வெபர் அடிகளாரின் பெயரை மைதானத்துக்கே வைத்த ஊர் மட்டக்களப்பு. பழக்குபவருக்கு மதிப்புக் கொடுக்க இங்கே யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் கலியாணத்தோடோ காயத்தோடோ ஆட்டத்தை விட்ட எங்கள் பழைய மாணவிகளை நாங்கள் இதுவரை கூப்பிடவில்லை. அவர்களை உதவிப் பயிற்றுவிப்பாளர்களாகச் சேர்த்து, மன்ற நிதியிலிருந்து போக்குவரத்துச் செலவாவது கொடுக்க வேண்டுமென நிர்வாக சபை பிரேரிக்கிறது. காய்ந்த தரையுள்ள வேறு மண்டபத்தையும் பார்த்திருக்கிறோம், வாடகை சற்றுக் கூட; அதற்கு மாறுவது இரண்டாவது பிரேரணை.

இவ்வறிக்கையையும் இரு பிரேரணைகளையும் ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்