அந்தப் பையனோட போட்டோவை எடுங்க அண்ணாச்சி

கமிட்டி அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நம்ம தாராவிக் கல்லியில, இந்தச் சந்துல, சாயங்காலம் டியூசன் எடுக்குறவதான் எழுதுறேன். பொங்கல் அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், நீங்கதானே முன்னாடி நின்னீங்க. போன் காணோம்னதும் அங்க இருந்த முப்பது பசங்கள்ல அவன் ஒருத்தனை மட்டும் இழுத்து நிறுத்தி பாக்கெட்டை வெளிய எடுத்துவிட்டு, அப்பன் ஆர்தர் ரோடு ஜெயில்ல இருக்கான், புலிக்குப் பிறந்தது பூனையாகுமான்னு சிரிச்சீங்க. மறுநாள் போன் அந்த ஓனரோட ஸ்கூட்டர் டிக்கியிலயே கிடந்துச்சு. ஆனா "உஷார்"னு போட்டு குரூப்ல விட்ட அவன் போட்டோ இன்னும் அப்படியே இருக்கு. அதை எடுங்கன்னுதான் இந்த லெட்டர்.

இப்பல்லாம் அவன் டியூசனுக்கு எப்படி வர்றான் தெரியுமா? வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, பையைத் திறந்து எங்கிட்ட காட்டிட்டு, கால்சட்டைப் பாக்கெட் ரெண்டையும் வெளிய இழுத்துவிட்டுட்டுத்தான் உள்ள வந்து உக்கார்றான். யாரும் சொல்லலை, அவனா பண்றான். முதல் நாள் ஏதோ விளையாடுறான்னு நானும் சிரிச்சுட்டேன். நாலாவது நாள் அவன் பின்னாடி வந்த ரெண்டாங்கிளாஸ் பாப்பாவும் தன் பையைத் திறந்து காட்டுச்சு, இங்க இதுதான் ரூல் போலன்னு நினைச்சுக்கிட்டு. எனக்கு அன்னைக்குப் பாடமே ஓடலை.

ரத்தத்துல ஒண்ணுமே வராதுன்னு நான் வாதாட வரலை. டென்மார்க்ல 14,427 தத்துப் பிள்ளைங்க ரெக்கார்டை வச்சு 1984ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. பெத்தவங்க தண்டனை வாங்கி, வளர்த்தவங்க வாங்காத வீட்டுப் பசங்கள்ல 100க்கு 20 பேர் தண்டனை வாங்கியிருக்காங்க, ரெண்டு பக்கமும் யாரும் வாங்கலைன்னா 100க்கு 13, 14. வித்தியாசம் இருக்கு, இல்லைங்கலை. ஆனா அந்த மீதி 80 பேர் யாரு அண்ணாச்சி? அவங்களும் அதே ரத்தம்தானே? பெத்தவங்க மட்டுமில்லாம வளர்த்தவங்களும் தண்டனை வாங்கியிருந்தா 20ங்கிறது 24, 25ன்னு ஏறுது. இவனை வளர்க்குறதுல நீங்களும் நானும் இந்தக் கல்லியும்தான் பாதி, அவன் அம்மா காலையில அஞ்சு மணிக்கே வீட்டு வேலைக்குப் போயிருது.

பிறவியிலேயே திருடன்னு முத்திரை குத்துறது நமக்கொண்ணும் புதுசில்ல. வெள்ளைக்காரன் 1871ல சில சாதிகளையே அப்படி முத்திரை குத்தி குற்றப் பரம்பரைச் சட்டம்னு போட்டான், நம்ம ஊர்ப்பக்கம் ரேகைச் சட்டம்னு பெருசுங்க சொல்லுமே அதுதான். எதிர்த்து நின்னவங்களை 1920ல மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூர்ல சுட்டே கொன்னான். அதை 1952ல தூக்கிப் போட்டாச்சு, நம்ம கமிட்டிக்கு இன்னும் தகவல் வரலை போல. அந்த தாதா வரதா பாய் காலத்துல தாராவித் தமிழன்னாலே ரவுடின்னு பாத்தானுங்கன்னு மீட்டிங்குக்கு மீட்டிங் குமுறுறது யாரு? நீங்கதானே. அட்ரஸைப் பாத்துட்டு வேலை தரலைன்னு உங்க மகன் வந்து நின்னப்போ எவ்வளவு கொதிச்சீங்க. 2015 சிறார் சட்டத்துல 18 வயசு வரைக்கும் பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் இல்லைன்னுதான் முதல்ல எடுத்துக்கணும்னு இருக்கு. போலீசுக்கே அதுதான் ரூல், நம்ம கமிட்டி அதுக்கும் மேல போல.

சரி, கோவத்துல ஏதேதோ எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. பெரியவங்க நீங்க, தயவுசெஞ்சு அந்தப் போட்டோவை எடுங்க. எடுத்துட்டு, போன் டிக்கியில கிடைச்சுது, பையன் மேல தப்பில்லைன்னு அதே குரூப்ல ஒரு வரி போடுங்க. மன்னிப்புன்னு எழுதக் கூச்சமா இருந்தா அந்த வார்த்தை வேண்டாம். ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு அவன் அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன், பொங்கல் வரி 500 ரூபா குடுத்த ரசீதை பத்திரமா வச்சிருக்கு, அதையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.