அவன் இடம் அப்படியே இருக்கட்டும்

மச்சான்,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். ரெண்டு நிமிஷத்தில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். கடையில் கணக்கு எழுதுகிறவன் என்று நாம் "கணக்கு" என்றே கூப்பிடுகிறோமே, அவனை இனிமேல் கத்தி சேகரிக்கிற நம்ம செட்டில் சேர்க்கவே கூடாது என்கிறாய். அவன் இடம் அப்படியே இருக்க வேண்டும் என்கிறேன் நான். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓசூர் வரைக்கும் வந்து சேர்ந்த கதையில் பாதிதான் சரி. தண்டையார்பேட்டையில் ஒரு வெட்டுக்குத்து. நம்ம செட்டில் இருக்கிற தம்பிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அந்த ராத்திரி அவன் காசிமேட்டில் ஒரு விசைப்படகின் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் போலீஸ் தெருத் தெருவாகப் பசங்களை விசாரித்தபோது யாரோ ஒருத்தர், "அந்த வூட்ல பெட்டி நெறைய கத்தி கீது சார்" என்று கை காட்டியிருக்கிறார். போதாதா? பையனையும் பெட்டியையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். வடசென்னைப் பையன், வீட்டில் கத்தி, இந்த ரெண்டும் சேர்ந்தால் கேட்கிறவன் மனசில் ஒரு கதை தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. சினிமாவும் அதற்கு நிறையவே உரம் போட்டிருக்கிறது. அந்தப் பையன் மூணு வருஷமாகக் காசு சேர்த்து ஒவ்வொன்றாக வாங்கி, எண்ணெய் துடைத்து, காகிதம் சுற்றி வைத்திருப்பதை யார் கேட்கப் போகிறார்கள்.

செட்டில் மூத்தவர் லோகோ அண்ணன்தான் முதலில் ஸ்டேஷனுக்குப் போனார். கையில் அந்த நீல அட்டை நோட்டு. யார் எந்தக் கத்தி வாங்கினாலும் அலகின் நீளம், அகலம், எங்கே வாங்கியது, பில் உண்டா, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எல்லாம் எழுதியாக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பாரே, அதே நோட்டு. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகளில், அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்து, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ என்று செய்ததாக இல்லாவிட்டால் அது ஆயுதக் கணக்கில் போய்விடும், அதனால்தான் அவர் ஒரு கூர்க்கா கத்தியைக்கூட நம்ம செட்டுக்குள் விட்டதில்லை. 2021இல் கத்தி, அரிவாள் செய்கிற பட்டறைகளில் வாங்குகிறவர் பேர், முகவரி எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று போலீஸ் சொன்ன பிறகு இன்னும் கறாராகிவிட்டார். அன்றைக்கு அந்த நோட்டை மேஜைமேல் விரித்து வைத்து, பெட்டியில் இருந்த ஒவ்வொன்றையும் பேர் சொல்லிப் படித்தார். பிரான்ஸ் மடக்குக் கத்தி ஒபினெல் 8ஆம் நம்பர், அலகு எட்டரை சென்டிமீட்டர். ஸ்வீடன் மோரா, பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஜப்பான் ஹிகோனோகாமி. அப்புறம் பையனின் அப்பா வலைக்கயிறு அறுக்க வைத்திருந்த பழைய கத்தி. நான் கொண்டுபோன வெர்னியரை வாங்கி இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே அளந்து பார்த்தார். நோட்டும் அளவும் ஒத்துப்போனது. ராத்திரி பதினொன்றரைக்குப் பையனை அனுப்பிவிட்டார்கள். பெட்டி வெளியே வரத்தான் கொஞ்ச நாள் அலைய வேண்டியிருந்தது.

கணக்கு வரவில்லை. அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியே போனான், யார் போனையும் எடுக்கவில்லை. இதை நான் மறைக்கவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை.

ஆனால் 2023 டிசம்பரை யோசித்துப் பார். நீ அப்போது ஊரில் இல்லை. மிக்ஜாம் புயலில் வியாசர்பாடியில் லோகோ அண்ணன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, போன் எடுக்கவில்லை, கணேசபுரம் சுரங்கப்பாதை வழக்கம்போல நிரம்பிவிட்டது. நாங்கள் எல்லோரும் எப்படிப் போவது என்று பேசிக்கொண்டிருந்தபோது இவன் ஒருத்தன் தண்ணீரிலேயே நடந்து போய்ச் சேர்ந்துவிட்டான். முட்டி வலியில் நடக்க முடியாத அண்ணியை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்வீட்டுப் பையன் ஒரு பக்கம் பிடிக்க இவன் ஒரு பக்கம் பிடித்து மேட்டுக்குக் கொண்டுவந்தான். அவ்வளவோடு போகவில்லை. தண்ணீர் வடிந்ததும் அண்ணனின் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தன் வீட்டுக்கு எடுத்துப் போனான். சாக்கடைத் தண்ணீரில் ரெண்டு நாள் ஊறிய கார்பன் ஸ்டீல் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

பாரிமுனைக் கடையில் கணக்கு முடித்துவிட்டு வந்து தினமும் ராத்திரி அதிலேயே உட்கார்ந்தான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதனால் சொல்கிறேன். ஒபினெல்லின் பீச் மரப் பிடி தண்ணீர் குடித்து உப்பி அலகைக் கவ்விக்கொண்டிருந்தது, திறக்கவே வரவில்லை. வேறு யாராவது என்றால் கட்டிங் பிளேயரைப் போட்டு இழுத்து அலகில் தழும்பு வைத்திருப்பார்கள். இவன் பிடியின் பின்முனையை ஒரு பலகைமேல் தட்டித் தட்டி, பிரான்ஸில் அந்தக் கத்தி பிறந்த சவோய் பக்கத்து மலைக்காரர்கள் தட்டுகிற அதே முறையில், அலகு நகம் மாட்டுகிற அளவுக்கு எழும்பிய பிறகுதான் கையை வைத்தான். வெயிலில் வைத்தால் மரம் வெடித்துவிடும் என்று நிழலிலேயே காயப்போட்டான், காய்ந்த பிறகு ஆளி விதை எண்ணெய். அலகுக்கு மண்ணெண்ணெய், அப்புறம் மெல்லிய ஸ்டீல் வுல், கடைசியில் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெயை எடுத்து வந்த அவன் மனைவியிடம், "வேணாம்மா, நாளாக நாளாக பிசுக்குப் பிடிச்சுக்கும்" என்றான். பித்தளையில் பச்சைக் களிம்பு கட்டியிருந்ததைத் தனியாகத் தேய்த்தான், தோல் உறைகளை ஒன்றுகூடக் கத்தியோடு சேர்த்து வைக்கவில்லை.

இதில் என்னை அசைத்தது ஒன்று உண்டு. அண்ணன் வருஷக்கணக்காக வாழைக்காய், மாங்காய் என்று நறுக்கி அந்த அலகில் நீலமும் சாம்பலுமாக ஒரு நிறம் ஏற்றி வைத்திருந்தார் இல்லையா. மொத்தமாகத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்திருந்தால் பாதி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். கணக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு சிவப்புத் துருவை மட்டும் புள்ளி புள்ளியாக எடுத்தான், அந்த நிறத்தை எவ்வளவு விட முடியுமோ அவ்வளவு விட்டான். அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

உன் விஷயத்துக்கே வருகிறேன். உன்னிடம் இருக்கிற பக் 110 மடக்குக் கத்தி யாரிடம் வாங்கியது? கணக்கிடம்தானே. 1964இல் வந்த மாடல், பித்தளைத் தலைப்பு, முதுகில் பூட்டு, பார்த்த உடனே நீ விழுந்துவிட்டாய், கேட்ட காசைக் கொடுக்கத் தயாராக நின்றாய். பணத்தை வாங்குவதற்கு முன்னால் அவன்தான் அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிக் காட்டி, "பூட்டு தேஞ்சிருக்கு, லேசா ஆடுது, பாத்துக்கோ" என்று சொல்லி விலையையும் குறைத்தான். சொல்லாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. நம்ம செட்டுப் பெரம்பூர்க்காரன், அலகில் கோலம் மாதிரி வரி ஓடுகிற டமாஸ்கஸ் கத்தி என்று ஒன்றை வாங்கி வந்து எல்லோருக்கும் காட்டியபோதும் அப்படித்தான். நாங்கள் எல்லாம் மனசு கஷ்டப்படுவானே என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். இவன் தனியாகக் கூப்பிட்டு, ஓரத்தில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் காட்டினான், கோலம் அழிந்துவிட்டது. மறுபடி அமிலத்தில் தோய்த்தால் நிஜமான அடுக்கு எஃகில் அந்த வரிகள் திரும்பி வரும், இதில் வரவில்லை, மேலே பொறித்த வெறும் படம். அதற்கப்புறம் ஈரோடு பக்கம் கொடுமணலில் அந்தக் காலத்தில் மூசை என்கிற மண் குவளை வைத்து எஃகு உருக்கியதையும், அந்த மாதிரி நம்ம பக்கத்து உருக்குதான் கடல் தாண்டிப் போய் வெளிநாட்டு வாள்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது என்பதையும் அவனுக்கு உட்கார்ந்து சொன்னான். பெரம்பூர்க்காரன் இன்றைக்குக் கத்தி பார்த்து வாங்கத் தெரிந்தவனாக இருக்கிறான் என்றால் அது அன்றைக்கு ஆரம்பித்ததுதான். கூடப் பழகுகிறவனிடம் உள்ளதைச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும் மச்சான், அது எங்கள் யாரிடமும் இல்லாதபோது அவனிடம் இருந்தது.

அப்புறம் ஏன் ஸ்டேஷனுக்கு வரவில்லை? அவன் இருப்பது வாடகை வீடு, மாடியில் வீட்டுக்காரர். அந்த வாரம் பெரிய பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அவன் அலமாரியிலும் நம்மைப் போலவே முப்பது நாற்பது கத்தி. ஜீப் ஒரு தடவை வாசலில் நின்றால் அந்தத் தெரு எத்தனை வருஷம் பேசும் என்று உனக்கும் தெரியும், நீயும் அங்கே வளர்ந்தவன்தானே. எனக்குக் கல்யாண வயசில் பெண் இல்லை, சொந்த வீடு, அதனால் போய் நிற்க முடிந்தது. ஒரு ராத்திரி பயந்ததை வைத்து அத்தனை வருஷத்தையும் கழித்துக்கட்ட எனக்கு மனசு வரவில்லை.

எனக்கும் அவன்மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டேஷனுக்கு வராததற்கு இல்லை. அன்று ராத்திரி தம்பியின் அம்மா அவனுக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்திருக்கிறார், "விவரம் தெரிஞ்ச ஆளு, எதாச்சும் சொல்வாரு" என்று. அதை எடுத்து, பயப்படாதீங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது எனக்கு உறுத்துகிறது, அதை அவன் முகத்துக்கு நேராகக் கேட்கத்தான் போகிறேன். ஆனால் கேட்பதற்கு அவன் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும் இல்லையா? குரூப்பில் நீ போட்ட மாதிரி "துரோகி" என்று எழுதிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது. அந்த மெசேஜை எடுத்துவிடு, தயவுசெய்து.

இதில் யாருக்கு ரொம்ப வலித்திருக்க வேண்டுமோ அவனே வேறு மாதிரி இருக்கிறான். போன மாசம் எழும்பூர் மியூசியத்துக்குப் போயிருந்தோம், தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த வாள்களும் கட்டாரிகளும் இருக்கிற கூடத்துக்குத்தான். தம்பி ஒரு கட்டாரியின் முன்னால் ரொம்ப நேரம் நின்று பிடியைப் பார்த்துவிட்டு, "கணக்கு அண்ணன் இருந்தா இத பத்தி அரை மணி நேரம் பேசுவாரு, அவர கூட்டினு வந்திருக்கலாம்" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்த பையனே அவனைக் கேட்கும்போது ஓசூரில் உட்கார்ந்துகொண்டு நீ கதவைச் சாத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் நான் நினைத்திருப்பது இது. அவன் போன் நம்பரை மாற்றிவிட்டான், புது நம்பர் கடைப் பையனிடமிருந்து கிடைத்தது, தனியாக அனுப்புகிறேன். முதலில் நான் கூப்பிட்டால் போலீஸ் விவகாரம் பேசத்தான் கூப்பிடுகிறேன் என்று பயப்படுவான். நீ ஆறாம் வகுப்பிலிருந்து அவனோடு படித்தவன், நீ கூப்பிட்டால் எடுப்பான். பெண் விஷயம் என்ன ஆயிற்று என்று கேள், கத்தியைப் பற்றி ஒன்றும் பேசாதே. தீபாவளிக்கு வருகிறாய் இல்லையா, அப்போது நீயும் நானும் தம்பியும் அவன் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம். லோகோ அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவர் நோட்டில் கணக்கின் பக்கத்தை இன்னும் அடிக்கவில்லை, பார்த்துவிட்டேன்.

பக் 110ஐ எடுத்து வராதே, சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் வருவாய், பையை சோதனை போடுவார்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல். நம்பருக்குக் கூப்பிட்டதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் வண்ணாரப்பேட்டைக்காரன்