பார்சலுக்குள் வைத்த கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அழாத குறையாகப் பேசியது மனதை விட்டுப் போகவில்லை. கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி மாதிரி ஓடும் வர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் சர்வரை ஓடவிட்டால் லேப்டாப் அப்படியே நின்றுவிடுகிறது, கூடப் படிக்கிறவர்கள் புதுசு வாங்கிவிட்டார்கள், நானும் தவணையில் எடுக்கட்டுமா என்று கேட்டாய். வேண்டாம்மா. உன் திங்க்பேட் டி480-ஐ நான்தான் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அந்த ஐ5 பிராசஸரில் நான்கு கோர், எட்டு த்ரெட் இருக்கிறது. இரண்டு மெஷினைச் சேர்த்து ஓட்ட அது தாராளம்.

இருப்பது 8 ஜிபி ராம். விண்டோஸும் நீ திறந்து வைத்திருக்கும் குரோமும் சேர்ந்து அதில் பாதியைத் தின்றுவிடும். சர்வருக்கு நீ 4 ஜிபி ஒதுக்கினால் எங்கிருந்து வரும்? பற்றாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றுகிற தட்டு அது. வர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் கோப்பும் அதே தட்டில்தான் கிடக்கிறது. அன்றைக்கு நீ பேசும்போதே பின்னால் கர்ர் கர்ர் என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டது. அது டிஸ்க் திணறும் சத்தம்.

பார்சலில் இரண்டு 16 ஜிபி டிடிஆர்4 ராம், தட்டுச் சுற்றாத, வேகமான 1 டிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று, யூஎஸ்பி கேபிள், டிஸ்க்கை அப்படியே நகல் (குளோன்) எடுக்கும் குளோன்ஜில்லா போட்ட பென்டிரைவ், ஸ்க்ரூடிரைவர் இருக்கின்றன. இந்த மாடலுக்குக் கம்பெனி சொல்லும் உச்சம் 32 ஜிபிதான். எஸ்எஸ்டி முதலில் 512 ஜிபிதான் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன்: உன் பழைய டிஸ்க் 1 டிபி. சின்ன டிஸ்க்குக்கு குளோன் எடுப்பது தலைவலி, நீ தனியாக இருந்து மாட்டிக்கொள்வாய். மறுநாளே ரிச்சி தெருவுக்குப் போய் மாற்றி வந்தேன்.

முதலில் எஸ்எஸ்டியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, பழைய டிஸ்க்கை அதற்கு குளோன் எடு. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கு. எது பழைய டிஸ்க், எது புதுசு என்று பெயரை இரண்டு தடவை படித்த பிறகே எண்டர் தட்டு. மாற்றிக் கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. இதை மட்டும் கவனமாகப் படி. கடை வைத்த புதிதில் ஒரு கல்லூரிப் பையனின் லேப்டாப்பில், பேட்டரியைத் துண்டிக்காமல் அவசரமாக ராம் சொருகினேன். போர்டு போய்விட்டது. மறுநாள் அவனுக்குப் பரீட்சை ப்ராஜெக்ட். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கவுன்ட்டர் முன்னால் நின்றான். வேறு போர்டு வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. உன் லேப்டாப்பில் பேட்டரி இரண்டு. வெளியே தெரிவதைக் கழற்றிவிடலாம், உள்ளே ஒன்று இருக்கிறது. ஆன் செய்யும்போது எஃப்1 தட்டி, விண்டோஸ் வருவதற்கு முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய், கான்ஃபிக், பவர் பகுதியில் உள் பேட்டரியை டிசேபிள் செய். சார்ஜரை முன்பே பிடுங்கியிருக்க வேண்டும்.

அதே பயாஸில் செக்யூரிட்டி பகுதியில் வர்ச்சுவலைசேஷன், அதாவது வர்ச்சுவல் மெஷினுக்காக பிராசஸரில் இருக்கும் வசதி, எனேபிள் ஆகியிருக்கிறதா என்றும் பார். ஐபிஎம் 1972-லேயே பெரிய கணினிகளுக்கு வர்ச்சுவல் மெஷின் ஓட்டும் விஎம்/370 கொண்டுவந்துவிட்டது. நம் மாதிரி கணினிகளின் பிராசஸருக்குள் இன்டெல் அந்த வசதியைச் சேர்த்தது 2005-ல்தான். அது அணைந்திருந்தால் எத்தனை ராம் போட்டும் பயனில்லை.

அடிமூடியின் திருகுகளைத் தளர்த்து, பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்து மெதுவாக நெம்பு. பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எஸ்எஸ்டியை மாட்டு. ராமின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் விரலால் விலக்கினால் அது தானாகச் சாய்ந்து எழும்பும். புதுசைச் சாய்வாகவே சொருகு. பள்ளம் பொருந்தாமல் அழுத்தாதே. தங்க நிற விளிம்பு உள்ளே போனதும் கீழே அமுக்கு, டக் என்று கேட்கும். முதல் தடவை ஆன் செய்யும்போது திரை கொஞ்ச நேரம் இருட்டாகவே இருக்கும். புது ராமை அது சோதிக்கிறது. பயப்படாதே, அணைத்துவிடாதே.

பிறகு சர்வருக்கு 8 ஜிபி, இரண்டாவது மெஷினான லினக்ஸுக்கு 4 ஜிபி, ஆளுக்கு இரண்டு சிபியு கொடு. இந்த மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த வர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். எதையும் அணைக்காமல் எனக்கு போன் செய். சேர்ந்தே பார்க்கலாம்.

பொங்கலுக்கு வரும்போது நானே போட்டுத் தரலாம்தான். ஆனால் உனக்கு லேப் இப்போது. அதோடு, நாளைக்கு ஒரு ரேக் நிறைய சர்வர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிற பிள்ளை நீ. உன் கையாலேயே ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கழற்றிய 8 ஜிபி ராமை, புது ராம் வந்த சில்வர் கவரிலேயே பத்திரமாக வைத்திரு. கடைக்கு வரும் பிளஸ் டூ பையன் ஒருவன் பழைய ராம் கிடைக்குமா என்று இரண்டு வாரமாகக் கேட்கிறான். ஊருக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா.

அம்மா அதிரசம் வைத்திருக்கிறாள், அடியில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவித் துடைத்த பிறகு ராமைத் தொடு.

அன்புடன்,
அப்பா