“தமிழ்ப் பிள்ளையோ?” – ரொறன்ரோவின் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் இயங்கும் பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், கோயில் பரிபாலன சபைகள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் ஸ்ரெயின்ஸ் வீதியில் அமையவிருக்கும் தமிழ்ச் சமூக மையத்தின் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

2025 ஓகஸ்ட் 16ஆம் திகதி நள்ளிரவு கழிந்த சற்று நேரத்தில், நோர்த் யோர்க்கில் தன் வீட்டில் தாயோடு படுத்திருந்த எட்டு வயதுச் சிறுவன், வெளியே சுடப்பட்டு உள்ளே பாய்ந்த குண்டுக்குப் பலியானான். அடுத்த சில நாட்களில் கைது செய்யப்பட்டவன் பதினாறு வயதுச் சிறுவன். அந்தக் கிழமை நம்மவர்கள் கூடிய இடங்களில் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோதெல்லாம் முதலில் வந்த கேள்வி “தமிழ்ப் பிள்ளையோ?” என்பதாகத்தான் இருந்தது. இல்லையென்று தெரிந்ததும் பேச்சு வீட்டு விலைக்கோ அடுத்த அரங்கேற்றத்துக்கோ தாவிவிட்டது. கேட்டவர்கள் ஈரமில்லாதவர்கள் அல்லர். பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அந்தப் பயம் இயல்பானது. ஆனால் ஒரு சமூகமாக நம்முடைய அக்கறை அந்தக் கேள்வியோடு தொடங்கி அதன் விடையோடு முடிந்துவிடுவது சரியல்ல என்பதைச் சொல்லவும், அதற்காக உங்களிடம் சிலவற்றைக் கேட்கவும் இந்த மடலை எழுதுகிறேன்.

“யாருடைய பிள்ளை” என்று பார்ப்பது நாம் மட்டும் பழகிய பழக்கமில்லை. இந்த நகரமே அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டு ரொறன்ரோவில் 52 பேர் துப்பாக்கியால் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. நத்தாருக்கு மறுநாள் யங் வீதியில் கடை பார்க்கப் போயிருந்த பதினைந்து வயதுப் பெண்பிள்ளை இரு குழுக்களின் மோதலில் குறுக்கே அகப்பட்டு இறந்தபோதுதான் நாடு முழுவதும் எழுந்து நின்றது. அந்தத் துயரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அதே ஆண்டில் வீடமைப்புத் திட்டக் குடியிருப்புகளில் பிள்ளைகளை இழந்த கறுப்பினத் தாய்மார், தங்களுக்கு அந்த எழுச்சியில் நூற்றில் ஒரு பங்கேனும் கிடைத்திருந்தால் என்று எண்ணியிருப்பார்கள் அல்லவா? அந்தத் தாய்மாரின் இடத்தில் ஒரு காலத்தில் நாமும் இருந்தோம்.

இதை நம் இளையவர்கள் பலர் அறியார்; மூத்தவர்கள் பேச விரும்புவதில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து 2000களின் தொடக்கம் வரை ஸ்காபரோவில் தமிழ் இளைஞர் குழுக்கள் வாளும் கத்தியுமாகத் தொடங்கித் துப்பாக்கி வரைக்கும் போயின. கடைவாசலிலும் வாகனத் தரிப்பிடத்திலும் நடந்த துப்பாக்கிச் சூடுகளைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதியபோதெல்லாம் “தமிழ்” என்ற அடைமொழி தவறாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. 1997 டிசம்பரில் விடுமுறைக்கு வீடு வந்திருந்த வாட்டலூ பல்கலைக்கழக மாணவர் ஒருவர், எந்தக் குழுவோடும் தொடர்பில்லாதவர், ஆள்மாறிச் சுடப்பட்டு இறந்தார். அவருக்கு வயது பத்தொன்பது. 2001 ஒக்டோபரில் பொலிஸாரும் குடிவரவு அதிகாரிகளும் சேர்ந்து நடத்திய நடவடிக்கையில் நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கைதானார்கள். சிலருடைய நாடுகடத்தல் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. அந்த நாட்களில் வேறு சமூகத்தவர் யாராவது “நல்லவேளை, எங்கள் பிள்ளைகள் இல்லை” என்று பெருமூச்சு விட்டிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. விட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

“நாங்கள் எங்கட பெடியளைத் திருத்திப் போட்டம், மற்றவையும் திருத்தலாம்தானே” என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். இது பாதி உண்மை. தொண்ணூறுகளின் இறுதியில் தமிழ் இளைஞர்களே முன்வந்து கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தை உருவாக்கினார்கள் என்பதும், பொலிஸாரோ பெரியவர்களோ எட்ட முடியாத பெடியளோடு அவர்களால் பேச முடிந்தது என்பதும் பெருமைக்குரியவை. மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். யுத்தத்திலிருந்து தப்பி வந்து இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடிய பெற்றோர், காலப்போக்கில் சொந்த வீடு வாங்கி, புறநகர்களான மார்க்கத்துக்கும் ஏஜக்ஸுக்கும் குடிபெயர முடிந்தது. இரவுவேலை குறைந்தது, பிள்ளை பாடசாலை விட்டு வரும்போது வீட்டில் ஓர் ஆள் இருக்கக்கூடிய நிலை வந்தது. வன்முறை தணிந்ததில் இந்த வசதிக்கும் பங்குண்டு. அதே கட்டடங்களில் நமக்குப் பின் வந்து குடியேறியவர்களுக்கும், தலைமுறைகளாக வேலை வாய்ப்பிலும் வாடகை வீட்டிலும் நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் அந்த ஏணி அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. ஆகவே நம் கதையை எடுத்துக்காட்டி அவர்களுக்குப் புத்தி சொல்வது முறையாகாது.

கனேடிய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2017இல் வெளியான ஆய்வொன்று, 2008 முதல் 2012 வரையிலான ஒன்ராறியோ மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து, 24 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ நாளுக்கு ஒருவர் சுடுகருவியால் காயப்படுகிறார் என்று கண்டது. அவற்றில் முக்கால்வாசி தற்செயலான காயங்கள், காற்றுத் துப்பாக்கியால் ஏற்பட்டவையும் சேர்த்து. எண்ணிக்கையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் இதைச் சொல்வதில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிறரால் வேண்டுமென்றே சுடப்படும் அபாயம், அகதிகளாக வந்த பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஏனையோரைவிட 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு அது இன்னும் கூடுதல். அகதி என்ற சொல்லைத் தாங்கி இந்த நாட்டுக்குள் வந்தவர்கள் நாம். அந்த வரியை யாரோ ஒருவருடைய பிரச்சினையாக வாசிக்க என்னால் முடியவில்லை.

பாடசாலைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோ அரசு 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த பாதுகாப்பான பாடசாலைகள் சட்டம் இடைநீக்கத்தையும் வெளியேற்றத்தையும் எளிதாக்கியது. மாகாண மனித உரிமை ஆணைக்குழுவுக்காக 2003இல் தயாரிக்கப்பட்ட அறிக்கை, ரொறன்ரோ பெரும்பாகத்தில் அந்தச் சட்டத்தால் கடுமையாக நடத்தப்படுவோராகக் கறுப்பின, பழங்குடி, லத்தீன் மாணவர்களோடு தமிழ் மாணவர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பதினைந்து வயதுப் பையனை இருபது நாளைக்கு வீட்டுக்கு அனுப்பினால், வேலைக்குப் போன தாய்க்குத் தெரியாமல் அவன் எங்கே போவான், யார் அவனைக் கூப்பிட்டு வைத்துச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பார்கள் என்பது அந்நாளைய நம் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். 2007 மே மாதம் நோர்த் யோர்க்கின் உயர்நிலைப் பாடசாலையொன்றுக்குள்ளேயே பதினைந்து வயது மாணவன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஒன்ராறியோவின் முன்னாள் பிரதம நீதியரசர் ரோய் மக்மேர்ட்ரியும் மாகாணச் சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் ஆல்வின் கேர்ளிங்கும் இளைஞர் வன்முறையின் வேர்களை ஆராய அமர்த்தப்பட்டார்கள். 2008இல் வெளியான அவர்களுடைய அறிக்கை வறுமையையும் இனவாதத்தையும் குடியிருப்புகளின் அமைப்பையும் பிள்ளைகளின் மனநல சேவைப் பற்றாக்குறையையும் ஒளிவுமறைவின்றி எழுதியது. ஒவ்வொரு கொலைக்குப் பின்னரும் அந்த அறிக்கை தூசி தட்டி எடுக்கப்படுகிறது. பிறகு மறுபடியும் அலுமாரிக்குள் போய்விடுகிறது.

இதற்கிடையில் சூடு நம் வாசலுக்கும் வந்திருக்கிறது. 2012 ஜூலையில் ஸ்காபரோவின் டான்சிக் வீதியில் நடந்த கோடைக்கால ஒன்றுகூடலில் இருவர் கொல்லப்பட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவருக்கு வயது 14. காயப்பட்டவர்களில் இரண்டு வயது நிரம்பாத குழந்தையும் உண்டு. 2018 ஜூனில் வட ஸ்காபரோவில் விளையாட்டுத் திடலில் நின்ற ஐந்து வயதும் ஒன்பது வயதுமான சகோதரிகள் சுடப்பட்டு உயிர் தப்பினார்கள். 2022 பெப்ரவரி 14ஆம் திகதி டேவிட் அன்ட் மேரி தொம்சன் உயர்நிலைப் பாடசாலைக்குள் பதினெட்டு வயது மாணவர் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு வயது 14. நம் பிள்ளைகளும் படிக்கும் பாடசாலை அது. அந்த நடைபாதையில் ஒளிந்திருந்தவர்களிலும், பூட்டிய வகுப்பறைக்குள் இருந்து தாய்க்குக் குறுஞ்செய்தி அனுப்பியவர்களிலும் தமிழ்ப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

துப்பாக்கியைத் தடுக்க வேண்டியது மத்திய அரசின் வேலை என்பார்கள். அது ஓரளவுக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கிகளின் விற்பனையும் கைமாற்றலும் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டுள்ளன. ஆயினும் ரொறன்ரோவில் குற்றங்களில் பிடிபட்டு மூலம் கண்டறியப்படும் கைத்துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து எல்லை கடத்திக் கொண்டுவரப்பட்டவை. கடத்தல்காரனைப் பிடிப்பது எல்லைக் காவலின் பொறுப்பு. அந்தத் துப்பாக்கியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம் என்று பதினாலு வயதுப் பையனுக்கு ஏன் தோன்றியது என்பது இந்த நகரத்தில் வாழ்பவர்களின் பொறுப்பு. குழுக்களில் மூத்தவர்கள் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களிடம் துப்பாக்கியைக் கொடுத்து வைப்பதற்கு இளையோருக்கான சட்டத்தின் குறைந்த தண்டனை ஒரு காரணம். இன்னொரு காரணம், வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளைக்குப் போக வேறு இடமில்லாமை. முதலாவதை நீங்களும் நானும் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்றும் திறப்புகள் உங்கள் கைகளில் இருக்கின்றன.

எனவே என் முதல் கோரிக்கை மண்டபங்களைப் பற்றியது. நம் கோயில்களிலும் சங்கங்களிலும் உள்ள மண்டபங்கள் திருமணத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் திறக்கப்பட்டு, வாரத்தின் ஏனைய இரவுகளில் பூட்டிக் கிடக்கின்றன. கிழமையில் ஒரு மாலையையேனும், கோடை விடுமுறையில் இரண்டு மூன்று மாலைகளையேனும் அக்கம்பக்கத்து இளையோருக்கென ஒதுக்கித் தாருங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டாதீர்கள். காப்புறுதி, பொறுப்பு, சேதம் என்று நீங்கள் சொல்லப்போகும் தடைகளை அறிவேன். கோயில் நிர்வாகமொன்றிடம் இதே யோசனையைக் கொண்டுபோனபோது “கண்டவையும் உள்ள வந்தா சனம் வராது” என்ற பதில் எனக்குக் கிடைத்தது. காப்புறுதிக்கு வழியுண்டு: நகரசபையின் உதவி பெறும் இளைஞர் நிறுவனங்களுக்கு இடத்தைக் கொடுத்து, நிகழ்ச்சியின் பொறுப்பை அவர்களோடு எழுத்தில் பகிர்ந்துகொள்ளலாம். அந்தப் பதிலின் உள்ளே இருக்கும் ஒதுக்கும் மனத்துக்குத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. கறுப்பினத்தவரை நம் வீடுகளில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

தமிழ்ச் சமூக மையத்தின் நிர்வாகத்தினரிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். மத்திய, மாகாண அரசுகள் சேர்ந்து 26 மில்லியன் டொலருக்கும் மேல் ஒதுக்கிய கட்டடம் அது. நிலத்தைத் தந்தது நகரம். மல்வேர்ன் பகுதி அதற்கு அயலில் இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நூலகத்துக்கும் நேர அட்டவணை போடும் காலம் வரும்போது, மல்வேர்னில் ஏற்கெனவே இளையோரோடு வேலை செய்பவர்களை அழைத்து அவர்களோடு உட்கார்ந்து அதைப் போடுங்கள். கட்டி முடித்த பிறகு கூப்பிட்டால் அவர்கள் விருந்தாளிகளாகத்தான் வருவார்கள்.

பழைய மாணவர் சங்கங்களுக்கு: ஊரிலுள்ள பாடசாலைகளுக்கு நீங்கள் அனுப்பும் பணத்தில் கை வைக்கச் சொல்லவில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக மூன்று மில்லியன் டொலர் திரட்டிக் காட்டிய சமூகத்துக்கு, வருடாந்தக் கலைவிழா வருமானத்தில் சிறு பங்கை, பாடசாலையிலிருந்து இடைநிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பகலில் பாடம் சொல்லிக்கொடுக்கும் திட்டத்துக்கு ஒதுக்குவது பெரிய காரியமாக இருக்காது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கணிதம் சொல்லிக்கொடுக்க நம்மவர்களுக்கு ஆள் பிடிக்கவும் வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். கடைசியாகச் சில ஆண்டுகளாக நம் அமைப்புகள் சில, வாகனத் திருட்டும் வீட்டுக்குள் புகுந்து கொள்ளையடிப்பதும் கூடியதால், பிணை விதிகளை இறுக்க வேண்டும், தண்டனையைக் கூட்ட வேண்டும் என்ற கோரிக்கைகளோடு நின்றுகொள்கின்றன. களவு போன வீட்டாரின் கோபம் நியாயமானது. ஆயுதத்தோடு மறுபடி மறுபடி பிடிபடுபவனை வெளியே விடக்கூடாது என்பதிலும் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் தண்டனை ஒன்றே மருந்தென்றால், நோய் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். குண்டேற்றிய கைத்துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது மூன்றாண்டுச் சிறை என்ற விதி 2008இல் நடைமுறைக்கு வந்து 2015இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாதென்று தீர்க்கப்படும் வரை இருந்தது. டான்சிக் வீதிச் சூடு அந்தக் காலத்துக்குள்தான் நடந்தது. நம் பெடியள் நாடுகடத்தல் உத்தரவை எதிர்நோக்கி நின்ற நாட்களில், இரண்டாம் வாய்ப்பு வேண்டும் என்று நீதிமன்றப் படியேறி வாதாடியவர்கள் நாம். அந்த வாதத்தை மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மறுக்க நமக்கு வாய் வராது.

நகரசபையின் வரவுசெலவுத் திட்டம் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விவாதத்துக்கு வருகிறது. பொதுமக்கள் பெயரைப் பதிந்து நேரில் பேசலாம். இளையோர் நிலையங்களின் நேரத்தை நீடிக்கவும், வன்முறை நடந்த இடங்களில் உடனடியாக உளவள உதவி வழங்கவும், 2021இல் சபை ஏற்றுக்கொண்ட பத்தாண்டுச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குப் போதிய பணம் ஒதுக்கவும் கேட்பதற்கு அங்கே ஒவ்வோர் ஆண்டும் வருபவர்கள் பெரும்பாலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் அவர்களோடு நிற்கும் சிலரும். ஜனவரி தமிழ் மரபுத் திங்களும்கூட. அந்த மாதத்தில் உங்கள் மேடைகளுக்குக் கவுன்சிலர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் வேட்டி கட்டி வந்து பொங்கல் வாழ்த்துச் சொல்வார்கள். அதே மாதத்தில் நீங்கள் அவர்களுடைய மண்டபத்துக்குப் போய், அந்தத் தாய்மாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் சங்கத்தின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். இவ்வருடப் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் மண்டபம், நிதி, நகரசபை ஆகிய மூன்றையும் சேர்த்து, எடுத்த முடிவு எதுவானாலும் உறுப்பினர்களுக்கு எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஸ்காபரோவில் பிள்ளைகளை வளர்த்த தமிழர் ஒருவர்