விளையாட்டு சரி, பக்கத்தில் ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

உடல் அசைவுகளைப் பாதிக்கும் நரம்பு நோயான பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு வீடியோ கேம் மூலம் பயிற்சி அளிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். விளையாட்டே மருந்து என்ற தொனி அதில் தெரிந்தது. பலன் தருவது உடற்பயிற்சி. அதை விட்டுவிடாமல் செய்ய வைப்பதுதான் விளையாட்டின் வேலை. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், நோய் லேசாக இருந்த 130 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் திரை விளையாட்டுடன் இணைந்த உடற்பயிற்சி சைக்கிளை வீட்டிலேயே மிதித்தார்கள். மற்றவர்கள் தசை நீட்டும் பயிற்சி செய்தார்கள். 6 மாதங்களுக்குப் பிறகு, சைக்கிள் மிதித்தவர்களின் இயக்கக் குறைபாடு மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே கூடியிருந்தது.

என் மாமனாருக்கும் இந்நோய் உண்டு. பயிற்சித் தாள் அலமாரியில் கிடக்கும்; பேரன் டிவி முன் டென்னிஸ் ஆடக் கூப்பிட்டால் மட்டும் எழுந்துவிடுவார். (தோற்றால் வரும் கோபம் தனிக்கதை.) ஆனால் சட்டென்று திரும்பும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், யாராவது பிடித்தாக வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். எந்த விளையாட்டு, எவ்வளவு வேகம், மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து என்பதை நோயாளியைப் பார்த்தே முடிவு செய்ய அவர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். விலை உயர்ந்த கருவிகளைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

– வாசகர், கும்பகோணம்