ஐந்தாவது பங்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பா,

நலம். முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. பேத்தி பேசத் தொடங்கிவிட்டாள். இனி வீட்டில் எனக்குப் பேச வாய்ப்பில்லை.

அப்பா பெயரில் நீங்கள் மூவரும் அறக்கட்டளை தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால், "பாகப்பிரிவினை முடிந்ததும் மிச்சத்தைப் போடலாம்" என்ற வரி எனக்கு உறுத்தியது. பீளமேட்டில் பஸ்ஸுக்குக் காத்து நின்றே பாதி இளமையைக் கழித்தவன் நீ. அந்த ஊர்க் கதையை மறந்துவிட்டாயா?

பீளமேட்டுக் கல்லூரிகளைப் பி.எஸ்.ஜி. என்று மூன்றெழுத்தாகவே சொல்லிச் சொல்லி, அதற்குள் பூளைமேடு சாமநாயுடு கோவிந்தசாமி நாயுடு என்றொரு மனிதர் இருப்பதே மறந்துபோகிறது. அவருடைய மகன்கள் நான்கு பேர். 1926-இல் சொத்தைப் பிரித்தபோது போட்டதோ ஐந்து பங்கு. ஐந்தாவது தர்மத்துக்கு; 2,01,000 ரூபாய். தர்மத்தையும் கூடப்பிறந்த ஒருவனாக வைத்து எண்ணியிருக்கிறார்கள். கூடப்பிறந்தவனுக்கு யாராவது மிச்சத்தைக் கொடுப்பார்களா?

அதைவிட எனக்குப் பிடித்தது, அந்தப் பங்கில் பிறந்த அறக்கட்டளை தொடக்கத்திலேயே தொழிற்கூடம் ஒன்றை வைத்ததுதான். பையன்கள் கைத்தொழில் கற்ற இடத்திலேயே மோட்டாரும் பம்பும் உருவாயின. கிணற்றுப் பாசனத்தை நம்பிய நம் சீமைக்கு அவை எவ்வளவு வேண்டியவை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு 1947-இல் கலைக் கல்லூரி, 1951-இல் பொறியியல், 1985-இல் மருத்துவம். அடுத்த தலைமுறையில் ஜி.ஆர். தாமோதரன் கல்லூரிப் பொறுப்போடு நிற்காமல், தமிழில் அறிவியல் பேச 'கலைக்கதிர்' நடத்தினார். உன் அப்பா அதன் பழைய இதழ்களைக் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் வைத்திருந்தாரே, கரையானுக்குத் தப்பியதா?

உங்களுக்கு இரண்டு லட்சமோ இருபது லட்சமோ, அதுவல்ல பேச்சு. ரொக்கமாகப் போட்டால் நான்காம் வருடம் கணக்குப் புத்தகம்தான் மிஞ்சும். மூன்று பங்கை நான்காக்குங்கள். கிணற்றோடு இருக்கும் அந்தத் தென்னந்தோப்பை நான்காமவனுக்கு எழுதிவையுங்கள். தேங்காய் விற்ற காசில் வருடத்துக்கு நாலு பிள்ளைகளாவது படிக்கும்.

பெரியண்ணன் தோப்பை விடுவாரா என்பதுதான் சந்தேகம். பத்திரம் எழுதுமுன் ஒரு வரி போடு, வருகிறேன். என் பேச்சைக் கேட்பாரோ மாட்டாரோ, இளநீர் வெட்டிக் கொடுக்காமல் அனுப்பமாட்டார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்